தண்ணீர் கேட்டவர்

பட்டாளத்துக்கு ரோடு வெட்டப் போன அப்பா பர்மாப் பக்கம் காணாமல் போனார். காணவில்லை என்று மட்டும்தான் சேதி வந்தது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் அம்மா பொட்டை அழிக்கவில்லை. கலியாண வீட்டில் அவளைச் சுமங்கலியாக முன்னால் நிறுத்துவதா, விதவையாகப் பின்னால் உட்கார வைப்பதா என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். சண்டை முடிந்து சுதந்திரமும் வந்துவிட்டது. எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலை மட்டும் யாரும் மிதிக்கவில்லை.

நான் கொழுந்தெடுக்கத் தொடங்கியிருந்த சமயம், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து வேதக் கோயிலுக்கு யாழ்ப்பாணத்து ஃபாதர் ஒருவர் வந்தார். யுத்தத்தில் பட்டாளத்தோடு சாமியாராகப் போனவர், பர்மாவில் இருந்தவர் என்றார்கள். கேட்டதும் அம்மா கிளம்பிவிட்டாள். அவள் கணக்கில் யுத்தம் என்பது ஒரு பெரிய தோட்டம். காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் சண்டைக்குப் போயிருப்பார்கள்.

"ஒரே பெரட்டுல நின்னவங்க, மூஞ்சி தெரியாம இருக்குமா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கூடப் போனேன்.

ஃபாதர் எங்களை உட்கார வைத்தார். அப்பாவின் உயரம், நெற்றித் தழும்பு எல்லாம் சொல்லிவிட்டு அம்மா கேட்டாள்: "கடைசில அவரு வாயில ஒரு சொட்டுத் தண்ணியாச்சும் யாராவது ஊத்துனாங்களா சாமி?"

"எனக்கு உங்கட மனுசனைத் தெரியாது அம்மா. பொய் சொல்ல மாட்டன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

பிறகு அவராகவே பேசினார். சுடுகிற துவக்கை அவர் தொட்டதே இல்லை. சிலுவையும் தண்ணீர்ப் போத்தலும்தான். அடிபட்டு வெட்டவெளியில் கிடப்பவர்களிடம் சேற்றில் ஊர்ந்து போவார். என்ன சமயம் என்று கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"பயம்தான் பிள்ளை. ஒவ்வொரு முறையும் பயம்தான்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஒருத்தர் தமிழில தண்ணி கேட்டவர். நான் ஊர்ந்து போறன், அவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கிட்டப் போக முதல் சத்தம் நிண்டு போச்சு. முகத்தைப் பாக்கவும் விடேல்லை, திரும்பவும் சுடத் தொடங்கிட்டாங்கள். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது."

அம்மா யோசிக்கவே இல்லை. "அது இவருதாங்க சாமி" என்றாள்.

ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்கள் அத்தனை பேர் இருக்க, கிடைக்காமல் போனவரையா அப்பா என்று சொல்ல வேண்டும்?

"குடிச்சவங்களுக்கு அந்தச் சாமி இருந்தாருடி. இவருக்கு நாமதான் இருக்கோம்" என்றாள். ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஏறியதும் கேட்டாள்: "ஒருத்தரு தன்கிட்ட வந்துக்கிட்டு இருக்காருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டுப் பொட்டை அழித்தாள். லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கு எங்கள் காம்பராவில் உட்கார இடமில்லை.