செனட்டருக்கு நான் வாங்கிக் கொடுத்த கைதட்டல்

அந்த ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பிடிக்காது. பார்த்த பிறகு இன்னும் பிடிக்காமல் போயிற்று.

கீழக்குயில்குடியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. அதன் ஆண்டு விழாவுக்கு அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் ஒருவர் வருவதாகவும், அவர் பேச்சை மேடையில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்றும் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். வீடு காளவாசலில். இந்தப் பக்கம் எந்த வெள்ளைக்காரர் மைக்கைப் பிடித்தாலும் என்னைத்தான் தேடுவார்கள், ஏனென்றால் என் தமிழுக்குக் கைதட்டு விழும். விருந்தாளி வெறும் ‘நன்றி’ என்பார். நான் அதை ‘இந்த மண்ணின் அன்புக்கு என் நெஞ்சார்ந்த நன்றி’ என்று ஆக்கிவிடுவேன். எங்கள் ஊர் மேடையில் மொழிபெயர்ப்பு என்றால் அதுதான். இருபது வருடப் பழக்கம்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் வந்தது. சோளக்காட்டு விவசாயியின் மகன், வக்கீல், மூன்று முறை செனட்டர், பழமைவாதத்தின் தூண். நான்காவது முறை நிற்கப் போனபோது, அவரைவிடக் கடுமையாகப் பேசிய ஒருவர் சொந்தக் கட்சிக்குள்ளேயே அவரைத் தோற்கடித்துவிட்டார். அதைக் குறிப்பில் ‘பொதுவாழ்விலிருந்து விடைபெற்றார்’ என்று போட்டிருந்தார்கள். இப்போது நாடு நாடாகப் போய்க் குடும்பத்தின் மேன்மையைப் பேசுகிறாராம்.

குடும்பம்! என் தங்கை பதினாறு வருடமாக அமெரிக்காவில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறாள். அந்த வரிசையைக் குறைக்க வந்த மசோதாவை மூன்று தடவை தடுத்தவர் இந்தப் புண்ணியவான். போன வருடம் அம்மா இறந்தபோது, தங்கை ஊருக்கு வந்தால் திரும்ப அமெரிக்காவுக்குள் விடுவார்களா என்று தெரியாத நிலை. அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. வருகிறேன், வருகிறேன் என்றாள். அம்மாவை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். கடைசியில் மகள் வாய்க்கரிசி போடாமலே அம்மா போனாள். நான்தான் செல்போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கை அழுத சத்தம் போனுக்குள்ளிருந்து விட்டு விட்டு வந்தது.

அந்த மேடைக்கு நான் ஒப்புக்கொண்டதே ஒரு கேள்விக்காகத்தான். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் உண்டு என்று தாளாளர் சொல்லியிருந்தார். ‘என் தங்கையை அவள் அம்மாவின் சாவுக்கு வரவிடாமல் செய்ததற்கு வருத்தப்படுகிறீர்களா?’ ஆங்கிலத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

விழாவுக்கு மாணவர்களைவிடச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த பெற்றோர்தான் அதிகம். பெரும்பாலும் விவசாயிகள். தலைப்பாகை கட்டி, பொன்னாடை போர்த்தி செனட்டரை உட்கார வைத்தார்கள். மேடையேறும் முன் தாளாளர் என் காதைக் கடித்தார்.

“சார், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வந்த விருந்தாளி.”

முதல் பத்து நிமிடம் சோளம், அப்பா, சர்ச், உழைப்பு. அதற்கே நான் நாலு கைதட்டு வாங்கிக் கொடுத்தேன். பிறகு அவர் குரலை உயர்த்தினார். “அந்த மசோதாவை மூன்று முறை நிறுத்தினேன். நாளைக்கே கேட்டாலும் நிறுத்துவேன். வரிசையில் காத்திருப்பதாக அழுகிறார்கள். அவர்களை யார் கூப்பிட்டது?” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

என் முறை. முன்னால் ஆயிரம் முகம். அதில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் நிற்கிறதோ! சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தால் போதும், பந்தலே கொதித்து எழுந்திருக்கும். ஆனால் என் வாய் என்னைக் கேட்கவில்லை. “எங்கள் நாட்டுக்கு முறையோடு வருகிற ஒவ்வொருவரையும் மதிக்கிறேன். பொறுமையாகக் காத்திருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குத் தலைவணங்குகிறேன்” என்றது. என்ன எழவுக்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டு அதுதான். முன்வரிசையில் ஒரு பெரியவர் கையெடுத்தே கும்பிட்டார். செனட்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கேள்வி நேரத்தை ரத்து செய்தார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது. விடாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், சட்டைப்பையில் கை வைத்தபடி அவர் எதிரே நின்றேன். அவர் எழுந்து என் தோளை அமுக்கினார். “பிரமாதம்! அந்த மசோதாவை நிறுத்தியதற்கு என் சொந்த ஊரில்கூட இப்படிக் கைதட்டியதில்லை” என்றார். என் கை பையைவிட்டு வெளியே வரவில்லை. இலையில் கேசரி இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கல்லூரிக்காரர்கள் விழாவை யூடியூபில் போட்டார்கள். மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். வீடியோவில் அவள் முகம்.

“அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சுண்ணே” என்றாள். “நீ சொன்னதுதான் புரியல.”