கிளிப்பின் இரண்டு பற்கள்

என் முடி அடர்த்தியானது. அதைச் சுருட்டி, பற்கள் வைத்த பெரிய பிளாஸ்டிக் கிளிப்பால் கவ்வி, மேலே கறுப்பு முக்காடு போடுவதுதான் பல வருடப் பழக்கம். அன்றும் அப்படித்தான், சம்மாந்துறையில் இருக்கும் கணவரின் தங்கை வீட்டுக்கு இருவரும் ஆட்டோவில் புறப்பட்டோம்.

வயல் பாதையிலிருந்து ஓர் உழவு இயந்திரம் திடீரென வீதிக்கு ஏற, சாரதி பிரேக் அடித்தார். முன்னால் சரிந்த நான், அதே வேகத்தில் பின்னால் சாய்ந்து, இரும்புச் சட்டத்தில் தலையை அடித்துக்கொண்டேன்.

"என்ன புள்ள, அடிபட்டிச்சா?" கணவர் பதறினார்.

"லேசாத்தான். ஒண்டுமில்ல."

பின்மண்டை எரிந்தது. கழுத்து ஈரமாக இருந்தது. குளித்த தலை காயவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே போய் முக்காட்டை அவிழ்த்ததும் கணவரின் தங்கை அலறினார். "அல்லாஹ்வே! மதினி, முதுகெல்லாம் ரெத்தம்!"

கறுப்புத் துணி அவ்வளவையும் மறைத்திருந்தது. பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தேன்; கை சிவந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உடைந்த கிளிப்பின் இரண்டு பற்களைத் தோலுக்குள்ளிருந்து இழுத்தெடுத்தார். "நல்ல காலம், எலும்புக்குள்ள இறங்காம நிண்டுட்டு" என்றார். ஐந்து தையல்.

இப்போது வாகனத்தில் ஏறுவதென்றால் முடியைப் பின்னி, துணிப்பட்டியால்தான் கட்டுகிறேன். போன வாரம் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண்ணின் முக்காடு பின்னால் புடைத்திருந்தது. மனம் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, குறை நினையாதீங்க. அந்தக் கிளிப்பக் கழட்டிருங்க."

"ஏன் ராத்தா?"

அவருடைய விரலைப் பிடித்து, என் முக்காட்டுக்கு மேலாகத் தழும்பில் வைத்தேன். "கிளிப்புட பல்லு குத்தின இடம் இது." அவர் முக்காட்டுக்குள் கைவிட்டுக் கிளிப்பைக் கழற்றிவிட்டார்.