பஞ்சர் கடை வளைவில் ஒரு பள்ளம்

பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலை வளைகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் குந்தி உட்கார்ந்து டயர் கழற்றுகிறவளை ஊரே பஞ்சரக்கா என்றுதான் கூப்பிடும். கணவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன பிறகு, அவன் விட்டுப்போன காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்தே மகளைக் கல்லூரிவரை கொண்டுவந்தவள். யாரையும் லேசில் நம்ப மாட்டாள். ஆணி குத்திய இடத்தை வண்டிக்காரன் விரல் வைத்துக் காட்டினாலும் சரி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு அது ஓட்டை.

கொட்டகைக்கு நேர் முன்னால்தான் அந்தப் பள்ளம். ஜல்லி கொட்டித் தார் ஊற்றி மூடுவார்கள். மழைக்காலம் வரைகூடப் பொறுக்காமல் மறுபடி வாயைப் பிளக்கும். பள்ளத்துக்குப் பக்கத்திலேயே பஞ்சர் கடை இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஊரை மேம்படுத்த யோசனை சொல்லுங்கள் என்று கவுன்சிலர் ஒரு கூட்டம் போட்டார். தெருவிளக்கு, சாக்கடை, குப்பைத்தொட்டி என்று சுற்றி வந்த பேச்சு கடைசியில் பள்ளத்தில் விழுந்தது. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் எழுந்தார்.

"பள்ளம் தானா விழுதா, யாராச்சும் விழ வைக்கிறாங்களான்னு பாக்கணும். அதுல யாருக்குப் பொழப்புன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

கூட்டம் சிரித்தது. கவுன்சிலர் சிரிக்கவில்லை. இந்த முறை மூடிய பிறகும் பள்ளம் விழுந்தால், பொது இடத்தில் நிற்கிற கொட்டகையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி முடித்தார்.

அக்காவின் சந்தேகம் நேரே டீக்கடைக்காரர் மேல்தான் போனது. கொட்டகை போனால் அந்த இடத்து மரநிழலில் நாற்காலி போடலாமே. புதுத் தார் ஊற்றிச் சில நாட்களிலேயே, மழையே இல்லாத சாலையில் ஈரம் பூத்தது. கிளாஸ் கழுவிய தண்ணீரை வேண்டுமென்றே கொண்டுவந்து ஊற்றுகிறான் என்று அவள் முடிவுகட்டினாள். பொழுது விடிந்ததும் கடையைத் திறந்து, ஒரு கண்ணை எதிர்ப்பக்கமே வைத்திருந்தாள்.

ஊருக்குத் தண்ணீர் விடுகிற காலை நேரம் அது. தொட்டியை நிரப்பக் கொட்டகைக் குழாயைத் திறந்தாள். குழாய் வழக்கம்போல இருமி, முதலில் காற்றைத் துப்பியது. அதே நேரத்தில் சாலை ஈரத்தில் ஒரு குமிழி கிளம்பி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. குமிழி பார்த்தே வயிறு வளர்த்தவள். ஓட்டை தன் குழாயில்தான் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குழாயைப் போட்டுத் தந்தவன் பிளம்பர் வேலை செய்யும் அவளுடைய சொந்தத் தம்பி. போனில் கூப்பிட்டு, அனுமதி வாங்கித்தானே போட்டாய் என்று கேட்டாள்.

"நீ குடம் தூக்கிக் கஷ்டப்படுறியேன்னு போட்டேன்," என்றான். "ஊர்ல எவன்க்கா கேட்டுட்டுப் போடுறான்?"

"மத்தியானம் கடப்பாரையோட வந்து சேரு."

வெயிலில் சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது தம்பி தோண்டினான். சத்தம் கேட்டு டீக்கடைக்காரர் ஓடி வந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பு முகத்தில். கவுன்சிலரைக் கூப்பிடப் போனை எடுத்தவர், குழிக்குள் எட்டிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பெரிய குழாயிலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் பிரிந்தன. ஒன்று கொட்டகைக்கு. மற்றது சாலைக்கு அடியில் நேரே டீக்கடைக்கு. இரண்டு இணைப்பிலும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"டீக்கடை அண்ணனும் கேட்டாரு," என்று முனகினான்.

போன் சட்டைப்பைக்குத் திரும்பியது. டீக்கடைக்காரரின் குரல் பாலும் தேனுமாகிவிட்டது. "மூடிரலாம்க்கா. நானும் எதையும் பாக்கல, நீங்களும் எதையும் பாக்கல."

"மூடினா மறுபடி பொளக்கும். அப்பப் போறது என் கடை, உங்க கடை இல்ல." தம்பி பக்கம் திரும்பினாள். "ரெண்டையும் வெட்டி அடைச்சிரு. அண்ணன் வேணாம்னு சொன்னா, கவுன்சிலரை நானே கூப்பிடுறேன்."

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண் தள்ளி, மேலே ஜல்லி போட்டு இறுக்குவதற்குக்கூடக் கை கொடுத்தார்.

மழைக்காலம் முழுக்கச் சாலை தாங்கியது. கொட்டகையை யாரும் தொடவில்லை. தான் போட்ட மிரட்டலில் பஞ்சரக்கா அடங்கிவிட்டாள் என்று கவுன்சிலர் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். இல்லை என்று மறுக்க வேண்டுமென்றால் குழாய்க் கதையைச் சொல்ல வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது இருவருமே காலையில் தெருக்குழாய் வரிசையில் வாளியோடு நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் அவளை முன்னால் விடுகிறார். நிரம்பிய வாளியைத் தூக்கியும் தருகிறார். நேற்றுவரை முறைத்துக்கொண்டவர்கள் இன்று இப்படிக் குழைவானேன், பள்ளம் தோண்டினதிலேயே இரண்டு பேரும் கூட்டோ என்று வரிசையில் கிசுகிசுப்பு.

ஒரு நாள் அவர் வரிசைக்கு வரவில்லை. கடை மட்டும் திறந்திருந்தது, அடுப்பில் ஆவி பறந்தது. அக்கா வாளியை அப்படியே வைத்துவிட்டு, டீக்கடை வாசலில் சாலை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.