கழுத்துப் பெரட்டு

வட்டகொடையில் ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில், பேச்சியம்மா என்று விசாரித்தால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். பிள்ளைக்காம்பரா ஆயா என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே திசையில் நீளும். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. தகரக் கூரை, விட்டத்தில் வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்கள், ஒரு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு. நடுவே ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் அதன் புத்தக அறையும்.

விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு அழைக்கும் தப்புப் பறை அடிக்கும். ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம் பெரட்டு. நேரத்துக்கு அங்கே நிற்காதவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆகவே தாய்மார் ஓட்டமும் நடையுமாகத்தான் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். ஆனால் வாசலில் பேச்சியம்மா நிற்பாள். வலது புறங்கையை ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் உள்ளே வாங்குவாள். சுட்டால், "கொண்டு போ" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

"தொரை வீட்டுக்குத் தெர்மாமீட்டர், நமக்குப் பேச்சியக்கா கை" என்று கைக்குழந்தையோடு வரும் வேலாயி நையாண்டி செய்வாள். "அங்க ஒரு பெரட்டு, இங்க ஒரு கழுத்துப் பெரட்டு. ரெண்டுலயும் தப்பிச்சாத்தான் இந்தத் தோட்டத்துல சோறு!"

"உன் வாய்க்கு ஒரு பெரட்டு வைக்கணும்டி" என்பாள் பேச்சியம்மா, கையை எடுக்காமலே.

முன்பே இருந்த இந்தக் கண்டிப்பு ஒரு சாவுக்குப் பிறகு இன்னும் இறுகியது. 1954ஆம் ஆண்டு ஆடி மாதம், காளியாயியின் ஆண் குழந்தை இந்த அறைத் தொட்டிலிலேயே இறந்துபோனது. காலையில் வாங்கிய பிள்ளை, மத்தியானப் பால் கொடுக்கத் தாய் வருவதற்குள் காய்ச்சல் ஏறி, இழுப்புக் கண்டு அடங்கிவிட்டது. தோட்ட நிர்வாகியான துரை பேச்சியம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். "காலையில கழுத்து குளுந்துதான் இருந்துச்சுங்க தொரை. என் கை பொய் சொல்லாதுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற காளியாயி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து பேச்சியம்மா கழுத்தின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். இன்னொரு பிள்ளை தன் தொட்டிலில் போகக் கூடாது என்பதே அவள் கவலை.

பேச்சியம்மாவுக்கு ஒரே மகள், சண்முகவடிவு. அப்பன் இல்லாத பிள்ளை. தட்டிக்கு அந்தப் பக்கம் படித்தாள். இடைவேளையில் இந்தப் பக்கம் ஓடிவந்து தொட்டில் ஆட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்கு 1956இல் பொன்னையா வாத்தியார் வந்தார். வந்த புதிதில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளில் பாதி காலியாகக் கிடந்தன. விறகு பொறுக்க ஒன்று, தம்பியைப் பார்க்க ஒன்று, சம்பள நாளில் கடைவீதிக்கு எல்லாமே. வாத்தியார் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிப் பார்த்தார், பலன் இல்லை. அடுத்த ஆண்டு தை மாதம் ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து கரும்பலகைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டார். வட்டகொடைக் கடைவீதி ராசிக் முதலாளி இனாமாகக் கொடுத்த குடை. வருஷம் முழுதும் ஒரு நாளும் தவறாமல் வரும் பிள்ளைக்கு அது சொந்தம் என்றார்.

மழையில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்த பிள்ளைகள் அந்தக் குடையைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. வாங்குகள் நிரம்பின. பேச்சியம்மாவுக்கும் சந்தோஷம்தான். ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

"ஐயா, காய்ச்சல் கீச்சல் வந்து ஒரு நாள் படுத்துட்டா?"

"குடை போச்சு."

"அது பிள்ளை செஞ்ச குத்தமாங்க?"

"காய்ச்சலுக்கு இடம் குடுத்தேன்னு வையுங்க பேச்சியம்மா, சம்பள நாளன்னைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கக் காய்ச்சல் அடிக்கும்" என்றார். பேச்சியம்மா சிரித்துவிட்டாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஐப்பசிக்குள் மற்றப் பிள்ளைகள் ஏதாவது ஒரு நாள் தவறிப் போட்டியிலிருந்து ஒவ்வொன்றாக விலகிப்போக, மிஞ்சியது சண்முகவடிவு மட்டும். காலையில் பள்ளிக்குப் புறப்படும் மகளின் கழுத்திலும் பேச்சியம்மா புறங்கையை வைத்துத்தான் அனுப்பினாள். ஊராருக்கு ஒரு சட்டம், தன் மகளுக்கு ஒன்று என்று அவள் வைத்துக்கொண்டதில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் பரிசு கொடுக்கும் நாள் வந்தது. அந்த வாரம் முழுதும் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. கண் சிவந்து கலங்கியிருந்தது. "அடுப்புப் புகைம்மா" என்றாள். கழுத்து ஜில்லென்று இருந்ததால் பேச்சியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ராசிக் முதலாளி தொப்பியும் கோட்டுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் பேர் கூப்பிட்டார். பேச்சியம்மா ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

சண்முகவடிவு எழுந்து போனாள். இரண்டு கையாலும் குடையை வாங்கினாள்.

"விரிச்சுப் பாரு மகள்" என்றார் முதலாளி.

அவள் விரிக்கப் போனாள். குடை பாதி விரிந்தது. அப்படியே முழங்கால் மடங்கி முதலாளியின் காலடியில் விழுந்தாள்.

பேச்சியம்மா குழந்தையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடினாள். பழக்கத்தில் புறங்கை முதலில் கழுத்துக்குத்தான் போனது. கழுத்து குளிர்ந்திருந்தது. ஈரமாகவும் இருந்தது. தூக்குவதற்காக மறு கையைச் சட்டைக்குள் முதுகில் கொடுத்தாள். கொடுத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. முடியையும் சட்டையையும் விலக்கினால், காதுக்குப் பின்னாலிருந்து முதுகு, நெஞ்சு வரை மணலை வாரி இறைத்தாற்போலச் சிவப்புப் பொரி.

"யா அல்லாஹ்! இந்தக் கொதிப்போடயா பிள்ளை நடந்து வந்திச்சு?" என்று எழுந்து நின்றுவிட்டார் முதலாளி. கழுத்தில் குளிரும், அதே உடம்பில் நெருப்பும் எப்படி என்று பேச்சியம்மாவுக்கு விளங்கவில்லை.

டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா மணல்வாரி அம்மை என்றார். காய்ச்சல் கண்டு நான்கு நாளாவது ஆகியிருக்கும் என்றார். பக்கத்தில் வருகிற பிள்ளைக்கெல்லாம் ஒட்டும் என்றார். அந்த நான்கு நாளும் மகள் இடைவேளையில் வந்து தொட்டில் ஆட்டியிருக்கிறாள். ஒன்று விடாமல்.

சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் மகளிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாம எப்படிடி? தினம் தொட்டுத்தானே அனுப்புனேன்?"

"பீலியில கழுத்த நனைச்சுக்கிட்டு வந்து நிப்பேம்மா. பரிசுக்கு முந்தியும் நனைச்சேன்."

மலைத் தண்ணீர் வந்து விழும் பீலி லயத்துக்குக் கீழே இருந்தது. விடியற்காலையில் அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

"இந்த வித்தைய யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. அக்காமாரெல்லாம் அப்படித்தானே பாப்பாக்களுக்கு நனைச்சுத் துடைச்சிட்டு உங்கிட்ட கொண்டாருவாங்க. நீ திருப்பி அனுப்பிட்டா பேர் போயிருமில்ல?"

பேச்சியம்மா மகளையே பார்த்தாள். "எந்த அக்காமாரு?"

"எல்லாரும்தாம்மா. வேலாயி அக்கா. அம்மாக்கண்ணு அக்கா." பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொன்னது. "காளியாயி அக்காவும். அந்தப் பாப்பா செத்துச்சே, அன்னைக்கிகூட. நான் பீலியில குடத்தோட நின்னேன்."

பேச்சியம்மா வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்தக் கையை நம்பி அவள் உறங்கியிருந்தாள். துரை முன்னால் அந்தக் கைமேல் சத்தியம் செய்திருந்தாள். வீட்டுக்குப் போ என்று அவள் விரட்டிய விரட்டில்தான் தாய்மார் பீலிக்குப் போயிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட நினைத்தாள், திட்டு வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மகள் முதலில் கேட்டது குடையைத்தான். "நான் ஒரு நாளும் தவறல. குடை எனக்குத்தானே?" என்று அழுதாள். பேச்சியம்மா வாத்தியாரிடம் போனாள்.

"குடை அவளுக்குத்தான், அதை நான் திருப்பி வாங்க மாட்டேன்" என்றார் பொன்னையா. அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"குடையப் பத்திப் பேச வரலீங்க. காய்ச்சல்னு வந்து சொல்ற பிள்ளைக்கும் வந்ததாப் பேர் போடுங்க. இல்லாட்டிப் பிள்ளைங்க சாகறவரைக்கும் மறைக்கும்."

"காய்ச்சல்னு பொய் சொன்னா?"

"நான் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"உங்க கையைத்தான் பீலித் தண்ணி ஏமாத்திருச்சே, பேச்சியம்மா!"

சுருக்கென்றது. "சரிங்க. பள்ளிக்கூடம் லீவுதானே. அந்தப் புத்தக அறையையாவது ஒழிச்சுக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"வேணும்."

வாத்தியார் சாவியை எடுத்துக் கொடுத்தார். பரிசு விஷயத்தில் அவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. குடை இல்லையென்றால் பிள்ளை இல்லை என்பதே அவர் பேச்சாக இருந்தது.

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில், பயந்தது நடக்கத் தொடங்கியது. அம்மாக்கண்ணுவின் பெண் குழந்தைக்கு முதலில் பொரி கண்டது. அடுத்த நாள் விடியலில் தப்பு அடித்தபோது பேச்சியம்மா வழக்கம்போல் வாசலில் நின்றாள். முதலில் வந்தவள் வேலாயி. குழந்தையின் கழுத்தை நீட்டிக் காட்டினாள். பேச்சியம்மா கழுத்தைத் தொடவில்லை. குழந்தையின் சட்டைக்குள் கையை விட்டு அக்குளில் வைத்தாள்.

"என்னக்கா, பெரட்டு இடம் மாறிப்போச்சு?" என்று சிரித்த வேலாயியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பீலித் தண்ணி இங்க வராது" என்றாள் பேச்சியம்மா. "இது நல்லா இருக்கு. குடு."

வரிசையில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கடைசியாகக் காளியாயி வந்தாள். செத்த பிள்ளைக்கு அடுத்துப் பிறந்த பெண் குழந்தை அவள் தோளில் கிடந்தது. கீழே பேர் கூப்பிடும் சத்தம் கேட்டது. பேச்சியம்மா கையை நீட்டுவதற்கு முன்பே காளியாயி சொன்னாள்:

"சுடுதுக்கா. இன்னைக்கு நான் நனைக்கல."

திரும்பிப் போவதற்காகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"குடு" என்றாள் பேச்சியம்மா.

"சுடுதுன்னு சொல்றேன்க்கா."

"காதுல விழுந்துச்சு. அந்தப் பக்கம் தனியறை இருக்கு, அம்மாக்கண்ணு பிள்ளையும் அங்கதான். டாக்டர் ஐயாவுக்கு ஆள் விட்டுட்டேன். நீ ஓடு, பேர் போயிரும்."

காளியாயி நகரவில்லை. பேச்சியம்மா அவள் தோளிலிருந்து குழந்தையைத் தானே எடுத்தாள். புறங்கையால் அல்ல, இரண்டு உள்ளங்கையாலும் வாங்கிக்கொண்டு புத்தக அறைக்குள் போனாள்.