மரத்துப்போகும் களிம்பும் ஒரு மத்தியானப் பேச்சும்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். பல்லடம் ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. தையல் பக்கம் நான், பேக்கிங் பக்கம் அவர். கல்யாணமான நாளிலிருந்து இருவர் பேச வேண்டியதையும் நான் ஒருத்தியே பேசி வருகிறேன். போட்டிக்கு ஆள் இல்லாதது ஒரு வகையில் வசதிதான்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சு முழுக்கக் காங்கேயம் காளையைப் பச்சை குத்திக்கொள்ள ஆசை வந்துவிட்டது. என் மாமனார் தோட்டத்தில் நிற்கிற காளை அது. என்னிடம் பேசுவதைவிட அதனிடம் அதிகம் பேசுவார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஆனால் மனுஷனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் மேலேயே சாய்ந்தவர்.

வலி தெரியாமல் இருக்க, மரத்துப்போகும் களிம்பைக் கொஞ்சமாகத் தடவிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பச்சை குத்துகிற கடைக்காரர். கொஞ்சம் என்பது எங்கள் தொழிலில் இல்லாத அளவு. சாயம் ஏற வேண்டுமென்றால் துணி நன்றாக ஊற வேண்டும், நல்ல சூடும் வேண்டும். மனிதத் தோலும் பனியன் துணிதான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். மருந்துக் கடையில் இருந்த ட்யூபையெல்லாம் வாங்கி, கழுத்திலிருந்து தொப்புள் வரை அப்பியிருக்கிறார். பிறகு அட்டைப்பெட்டிக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலை மேஜைக் கம்பியில் மாட்டி, நுனியை நெஞ்சில் ஒட்டி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே பேக் செய்துகொண்டார். மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, காலை முழுக்க இஸ்திரி மேஜைகளின் ஆவிக்கு நடுவே வேலை பார்த்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார் என்பதுதான்.

"ஏம்புள்ள, உன்னாட்டப் பருப்பு கடையறதுக்கு இந்தச் சீமையிலயே ஆளு கெடையாது" என்றார். வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். பருப்பிலிருந்து காளைக்குப் போனார். காளையின் திமில், அது கோபித்துக்கொள்ளும் விதம், எல்லாம் சொன்னார். அப்படியே காளையிலிருந்து என்னிடம் வந்தார்.

"நீ அழகு புள்ள. நெசமாலுமே அழகு. சொல்லோணும்னு நெனைப்பேன், வாய் வராது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அந்த நிமிஷம் என்னைத் தூக்கி வானத்தில் எறிந்திருந்தால் இறங்கியே வந்திருக்க மாட்டேன்.

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க. ஆளுக பாக்கறாங்க."

"மெஷினு இந்தச் சத்தம் போட்டா நான் எப்படி மெதுவாப் பேசறது?" என்று கத்தினார்.

சாப்பாட்டு நேரம். ஒரு மெஷின்கூட ஓடவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஒதடு எங்க போச்சுன்னே தெரியல புள்ள. பழைய காசை வாயில போட்டு உறிஞ்சறாப்பல இருக்குது" என்றார், அதையும் சிரித்துக்கொண்டே. நாக்கு தடித்து வார்த்தைகள் குழறின. சோற்றில் இருந்த விரல்கள் தாமாகத் துடித்தன. பயந்துபோய் அவரைப் பிடித்தேன். சட்டைக்குள் சரசரவென்று சத்தம். பட்டனைத் திறந்தால், ஏற்றுமதிக்குத் தயாராக என் வீட்டுக்காரர்!

கத்தரியை எடுத்து ஃபிலிமைக் கிழித்தேன். கைக்குக் கிடைத்த வெட்டுத் துணிகளை நனைத்துக் களிம்பை வழித்தெடுத்தேன். அவரைக் காரில் போட்டுக்கொண்டு நானே ஓட்டினேன். "பேசுங்க, எதையாச்சும் பேசுங்க" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அவர் பேச்சு குறையக் குறைய நான் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பால் போல வெள்ளையாக ஒரு கொழுப்பு மருந்தைத் விஷத்தை முறிக்கத் தேவைப்பட்டால் ஏற்றுவதற்குப் பக்கத்திலேயே தயாராக வைத்தார்கள். களிம்பு தோல் வழியாக ரத்தத்தில் கலந்திருக்கிறது, சூடும் ஃபிலிமும் அதை வேகமாக உள்ளே தள்ளியிருக்கின்றன என்றார் டாக்டரம்மா. "இன்னுங் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்குமுங்க. அப்புறம் இதயமே நின்னிருக்கலாம்."

வெள்ளை மருந்துக்கு வேலை வரவில்லை. சாயங்காலம் விரல்கள் அடங்கின. உதடு திரும்பி வந்துவிட்டது என்று தொட்டுக் காட்டினார். ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். நான் வெளியே போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா பேனாவுடன் உட்கார்ந்திருந்தார். உதடு, காது, காசு ருசி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"பேச்சு வழக்கத்துக்கு மாறா இருந்துச்சுங்களா?"

"நெறையப் பேசினாருங்க. பருப்பப் பத்தி, காளையப் பத்தி."

"வேற?"

கட்டிலில் இருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"அவ்வளவுதானுங்க" என்றேன். சொன்னால் அதையும் விஷத்தின் அறிகுறி என்று எழுதிக்கொள்வார். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.