கொடுத்தால் பிள்ளை போய்விடும் என்று நினைத்தேன்

மாதம் பிறந்ததும் நான் செய்கிற முதல் காரியத்தைச் சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். பாடாங் செராயில் பஸ் ஏறிப் பட்டணத்துக் கோர்ட்டுக்குப் போய், வரிசையில் நின்று, என் மகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் கட்டுகிறேன். கவுண்டரில் இருக்கும் மலாய்க்காரப் பெண் முகம் பார்க்காமல் ரசீது கிழித்துத் தருகிறாள். பெற்ற பிள்ளைக்குச் சோறு போட்டதற்கு ரசீது! முதல் தடவை அதை வாங்கியபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது பழகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே ஜவுளிக்கடை வேலைக்கு வந்தவன் நான். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் சீவும் மல்லிகாவைக் கட்டிக்கொண்டேன். எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. தப்பு பாதிக்கு மேல் என்னுடையது. என் வாய் அப்படி. எங்கள் மகள் சாந்திக்கு நாலு வயதானபோது மல்லிகா அவளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் தனபால் வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் கழித்துத் தனபால் கடைக்கே வந்தார்.

“மச்சான், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைக்கு மாசாமாசம் ஏதாச்சும் டூயிட் குடுங்கலா. பால்மாவு இருக்கு, ஸ்கூல் வேற போகணும்.”

“எம்பிள்ளைய வெல பேச வந்தீங்களா? ஒரு காசு தர மாட்டேன்!” என்று கத்தினேன்.

அவர் என்னைக் கஞ்சன் என்று நினைத்துப் போயிருப்பார். எங்கள் ஊர் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே புருஷன் பெண்டாட்டி பிரிந்தால், பஞ்சாயத்தில் ஆண் ஒரு தொகையை வைத்து உறவைத் தீர்த்துவிடுவான். பணம் கைமாறிவிட்டால் பிறகு பிள்ளையைப் பற்றி அவன் வாய் திறக்க முடியாது. என் சித்தப்பா அப்படித் தீர்த்துக்கொண்டவர். தன் மகன் தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கதி எனக்கு வரக்கூடாது என்றுதான் இரண்டு வருஷம் பிடிவாதமாகக் கொடுக்காமல் இருந்தேன். கவுனும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தனுப்புவேன். பணம் மட்டும் கிடையாது.

சாந்தி எங்கள் இருவர் பொறுப்பிலும் வளர வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டதும் நான்தான். பிள்ளைக்கு மாதம் என்ன கொடுத்தீர்கள் என்று நீதிபதி மலாயில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்ப் பையன். அவன் கேட்டு முடிப்பதற்குள், “ஒரு காசும் குடுக்கலைங்க ஐயா!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதைவிடப் பெரிய பாசம் இல்லை என்று நினைத்தேன் பாருங்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை தாயிடம் இருக்கும், நான் மாதம் இரண்டு ஞாயிறு போய்ப் பார்க்கலாம், செலவுக்குக் கோர்ட்டிலேயே கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது.

வராந்தாவில் அந்தப் பையன் என்னிடம் வந்து, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டான். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன்.

“அண்ணே, இங்க காசு குடுக்கறது வேற, பிள்ளைய வச்சுக்கறது வேற. குடுத்தா பிள்ள போயிடாது. நீங்க குடுக்காமதான் போச்சு.”

என்னைப் போல இங்கே பிழைக்க வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் தவறாமல் கட்டினேன். பிறகு மல்லிகாவே சம்மதித்தாள். மறுபடி மனுப் போட்டோம். போன மாதம் கோர்ட் தாளில் பிள்ளைக்குப் பொறுப்பாக எங்கள் இருவர் பெயரும் ஏறியது. வெள்ளி சாயங்காலம் சாந்தி என்னிடம் வந்து ஞாயிறுவரை இருப்பாள். ஒன்பது வயது ஆகிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை பையை மடியில் வைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, தண்ணி எடுத்துக் குடிச்சுக்கவா?” என்று கேட்டாள்.

“உன் வீடுதாம்மா” என்றேன்.

தலையாட்டிவிட்டுக் குடித்தாள். தம்ளரைக் கழுவி, துடைத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருஷமாகிறது. நானும் இங்கே இன்னமும் அப்படித்தான் தண்ணீர் குடிக்கிறேன்.