அரை வெள்ளை

அக்காவின் கதிரைக்குப் பின்னால், முன் அறைச் சுவரில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடக்கூடிய அளவு. வேலை முடிந்து வந்து, குளித்து, தலைக்குத் தேங்காய் எண்ணெய் அப்பிக்கொண்டு, அந்தப் பிரம்புக் கதிரையில் இருந்து தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடுவாள். ஒரு துவாயைப் போட்டுச் சாயுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. சொன்னதைக் கேட்பவளாக இருந்தால் அவள் என் அக்காவாக இருந்திருக்க மாட்டாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மட்டும் வெட்கம் வந்துவிடும். ஓடிப்போய் அதே கதிரையில் இருந்து, கறையைத் தலையாலேயே மறைத்துக்கொள்வாள். அவர்கள் போகும்போது கறை இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கும்.

திருகோணமலையில் துறைமுகத்திலிருந்து ஏறும் வீதியில் அப்பா கட்டிவிட்டுப் போன வீடு அது. குசினி யன்னலால் பார்த்தால் கப்பல்களின் மேல்தட்டு தெரியும். அக்கா தாதி. மூதூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் விடிய லோஞ்சில் கடல் தாண்டிப் போய்ப் பொழுதுபடத் திரும்புவாள். கடல் கொந்தளித்தால் அங்கேயே தங்கிவிடுவாள், நான் இங்கே விளக்கோடு குந்திக்கொண்டிருப்பேன். நான் ஆங்கில ஆசிரியை. எங்கள் இருவருக்கும் கலியாணம் அமையவில்லை. ஏன் என்று கோவில் வாசலில் யாராவது கேட்டால் அக்கா சிரிக்காமல் பதில் சொல்வாள்: “வீட்டுக்குப் பெயின்ற் தெரிஞ்செடுக்கவே எங்களுக்குள்ள ஊர்ச்சண்டை. மாப்பிள்ளை எண்டா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.”

அவள் சொன்னது முழுக்கப் பகிடியல்ல. எங்கள் பக்கத்தில் நத்தாருக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்காமல் விட்டால் குழந்தை யேசு வாசலோடு திரும்பிப் போய்விடுவார் என்பது போல ஒரு பதற்றம் எல்லோருக்கும் வந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு மாரி. மழைக்கும் மழைக்கும் இடையில் ஓடி ஓடி உள்சுவருக்கு அடிப்போம். பூசியது காயாது, ஈரமணம் குடில் வைக்கும் நாள்வரை வீட்டில் நிற்கும். ஆனால் அடிப்பதற்கு முதல் எந்த வெள்ளை என்ற வழக்கு ஒன்று உண்டு. எனக்குச் சுத்த வெள்ளை வேண்டும். வெளிச்சமாக, பளிச்சென்று, புதுக் கொப்பியின் முதல் பக்கம் மாதிரி. அக்காவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. “நாள் முழுக்க நான் வெள்ளைக்குள்ளதான் நிண்டிட்டு வாறன். கட்டில் வெள்ளை, சுவர் வெள்ளை, என்ர உடுப்பும் வெள்ளை. வீட்டுக்கு வந்தும் வார்ட்டுக்குள்ள இருக்க எனக்கு ஏலாது” என்பாள். அவளுக்கு வேண்டியது ஹாஃப் வைட்.

“அது ஹாஃப் இல்லை அக்கா, ஓஃப். ஓஃப் வைட்” என்று நான் திருத்துவேன். தொழில் புத்தி.

“ஓஃப் எண்டா என்ன, லைற் நூத்த வெள்ளையோ? அரை எண்டா விளங்குது. அரை வெள்ளை.”

“சரி, அப்ப மற்ற அரை என்ன?”

“மற்ற அரை நாங்கள் புழங்கப் புழங்க வரும்.”

“அப்பிடியெண்டா முழு வெள்ளையையே அடிச்சிட்டுப் புழங்குவமே. தன்ர பாட்டில அரையாகும்.”

“உன்ர வாய்க்கு ஒரு கோட் அடிக்கவேணும்” என்று அவள் எழும்பிப் போய்விடுவாள். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கதைதான். ஒவ்வொரு வருடமும் அரை வெள்ளைதான் வந்தது. கடைக்கார முதலாளி வெள்ளைக்குள் கொஞ்சம் மஞ்சளும் ஒரு பொட்டு மண்ணிறமும் விட்டுத் தடியால் கலக்குவார். கைக்கணக்குத்தான், அளந்து விடுவதில்லை. ஆனால் அவள் மனதில் இருந்த நிறம் எப்படியோ வந்துவிடும்.

எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கறை மட்டும் மறுபடி மேலே வந்துவிடும். எண்ணெய் அப்படித்தான். நத்தாருக்கு மறையும், தவக்காலம் தொடங்கும்போது மங்கலாக எட்டிப்பார்க்கும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலால் வந்து அக்கா சுவரைப் பார்ப்பாள். “சுவருக்கும் பூசியாச்சு” என்பாள். அரை வெள்ளையில் அது பெரிதாகத் தெரியாது, வெயில் சரிந்து விழும் நேரத்தில்தான் தெரியும். அவள் அந்த நிறத்தை விடாமல் பிடித்ததற்கு வார்ட் மட்டும்தான் காரணமோ, இந்தக் கள்ளத்தனமும் சேர்ந்ததோ, எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆனியில் அக்கா போய்விட்டாள். படுக்கையில் கிடந்து யாருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை. செத்தவீடு நடந்த வருடம் எங்களில் வெள்ளை அடிப்பதில்லை, நத்தாரும் இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. கறை இருந்தது, கதிரை இருந்தது, நான் எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தேன். தனிமையைப் பற்றி மற்றவர்கள் பெரிதாக என்னவெல்லாமோ சொல்கிறார்கள். எனக்கு அது மிகச் சின்ன விஷயமாகத்தான் வந்தது. ஒரு பிழையைத் திருத்த வாயெடுப்பேன். பிழை விட ஆள் இருக்காது.

ஆண்டுப் பூசை முடிந்து அடுத்த மாரி வந்தது. உப்புக்காற்றில் சுவர் பொருக்கு விட்டுக் கொட்டத் தொடங்கியது, இனியும் தள்ளிப்போட முடியாது. முதலாளியின் கடை இப்போது இல்லை. புதுக்கடையில் ஒரு பிள்ளை நிற அட்டையை விசிறி போல விரித்து வைத்தாள். முத்து, மல்லிகை, யானைத்தந்தம், பால்நுரை என்று வெள்ளைக்கு அத்தனை பெயர்கள். “எது வேணும் அன்ரி?” என்றாள். “ஹாஃப் வைட்” என்றேன். என் வாயால் அதுவரை வராத சொல். “ஓஃப் வைட்டில எது அன்ரி?” என்று அவள் பணிவாகத் திருத்தினாள். அட்டையைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு நிறத்தையும் கதிரைக்குப் பின்னால் சுவரில் பிடித்துப் பார்த்தேன். அக்காவின் நிறம் எதிலுமில்லை, கிட்டத்தட்ட இருந்தவை சில. ஆனால் அவற்றைக் கறைக்குப் பக்கத்தில் பிடித்தபோதுதான் ஒன்று விளங்கியது. அந்த நிறங்களில் எதை அடித்தாலும், கறை திரும்பி வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. என் கண்ணும் முன்னைப்போல இல்லை. அவளுக்குப் பிடித்ததையே அடிப்போம் என்று விசுவாசமாக நினைத்திருந்த நான், அவளைச் சுவருக்குள் வைத்துப் பூசி மூடப் பார்த்திருக்கிறேன். அன்று பின்னேரமே போய்ச் சுத்த வெள்ளை எடுத்தேன்.

வேலைக்கு வந்தவர் குறிஞ்சாக்கேணிப் பக்கத்தில் பெயின்ற் அடிக்கும் பாஸ் ஒருவர். கதிரையை நகர்த்திவிட்டுக் கறையை விரலால் தடவிப் பார்த்தார். “டீச்சர், இதுக்குச் சீலர் ஒண்டு அடிப்பம். இல்லாட்டி எண்ணெய் மறுகாவும் மேல வரும்” என்றார்.

“அடிச்சா?”

“அடிச்சா ஒருக்காலும் வராது.”

“அப்ப வேண்டாம்.”

“வந்தா என்னத்தானே ஏசுவீங்க டீச்சர்.”

“ஏசமாட்டன். வரட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். பிறகு வாளியைக் கலக்கத் தொடங்கினார்.

நத்தாருக்கு வீடு பளீரென்று இருந்தது. இவ்வளவு காலம் நான் சண்டை பிடித்துக் கேட்ட வெள்ளை. பிடிக்கவேயில்லை. அக்கா சொன்னது சரி, வார்ட் மாதிரித்தான் இருந்தது. குடில் வைத்தேன், கேக் வெட்டினேன், அயலுக்குக் கொடுத்தேன். தை முழுவதும் காலையில் எழும்பி முதல் வேலையாகச் சுவரைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சாய ஆளில்லாத சுவரில் எண்ணெய் எங்கிருந்து வரும் என்று பயம் பிடித்தது. பாஸ் எனக்குத் தெரியாமல் சீலர் அடித்திருப்பாரோ என்றுகூட அந்த நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டேன்.

இன்று விபூதிப் புதன். பின்னேரப் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு வந்து முன்கதவைத் திறந்தேன். துறைமுகப் பக்கத்து வெயில் சரிந்து யன்னலால் சுவரில் விழுந்திருந்தது. கதிரைக்குப் பின்னால், தலை சாயும் உயரத்தில், மங்கலாக ஒரு வட்டம். கொஞ்சம் மஞ்சள், ஒரு பொட்டு மண்ணிறம். கடையில் அத்தனை பெயர்களுக்குள் நான் தேடிக் கிடைக்காத நிறம். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுதேன். சுவர் முழுவதும் நான் கேட்ட வெள்ளை, அந்த ஓரிடத்தில் மட்டும் அக்கா கேட்டது. “சுவருக்கும் பூசியாச்சு” என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், பதிலுக்கு யாராவது ஏதாவது பிழையாகச் சொல்வார்களா என்று.